பத்துக்கு ஒன்பது கொடுத்த மாநிலத்தில்: பெரம்பலூர், அரியலூர், இரண்டு நாள்

இது சுற்றுலாப் பயணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை என்ற ஊரில் கல்லாகிப்போன கடல் உயிரினங்களையும், கங்கைகொண்ட சோழபுரம் கோயிலையும் பார்க்கப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வர நினைப்பவர்களுக்குப் பஸ் நேரமும் கட்டணமும் இதில் கிடைக்கும். ஆனால் நான் போனது ஒரு ஆளைத் தேடி. திரும்பி வந்து பல வாரம் ஆகியும் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் திருச்சிக்காரன். மின் பராமரிப்பு மேற்பார்வையாளராகப் பதினொரு வருடம் ஒடிசாவில் வேலை பார்த்தேன். அங்கிருந்து லீவு கிடைக்கும்போதெல்லாம் பக்கத்து மாநிலங்களைச் சுற்றினேன். இந்த வலைப்பூவில் நான் எழுதியதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது மாநிலங்களை ஒப்பிடும் தொடர்தான். பஸ், சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவேன். தமிழ்நாட்டுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். ஒடிசாவுக்கு ஐந்தரை. அந்த ஐந்தரைக்குக் கீழே நீங்கள் எழுதிய கமென்ட்டுகளை நான் ரசித்தேன். "அதனாலதான் எல்லாரும் இங்க வந்து குவியுறானுங்க" என்று ஒருவர் எழுதியதற்குச் சிரிப்புப் பொம்மையும் போட்டேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அழிக்கப் போவதில்லை, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பிஜய் என் பழைய சக ஊழியர். என்னைவிட நான்கு வயது சின்னவர், என்னை "பாய்" என்பார், அண்ணன் என்று அர்த்தம். கேன்டீனில் எங்கள் இருவருக்கும் இதே சண்டைதான் ஓடும். உங்கள் ஊர் பஸ்ஸைப் பார், எங்கள் ஊர் பஸ்ஸைப் பார் என்று நான் ஆரம்பிப்பேன். அவர் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் "சரி பாய், நீங்க ஜெயிச்சீங்க" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் செய்தார். அவருடைய தம்பி மானஸ், முப்பத்தொரு வயது, பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு ஜல்லி கிரஷரில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறானாம். எனக்கு அதுவே புதுச் செய்தி. முந்தின நாள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, "கை போச்சு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவனுடைய போன் அணைந்தே கிடக்கிறது. "நான் ரயில் ஏறிட்டேன் பாய். எனக்கு அந்த ஊர்ல பேச வாய் இல்ல. நீங்க வரணும்" என்றார் பிஜய்.

செவ்வாய்க்கிழமை காலை 6.10க்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினேன். பெரம்பலூர் அறுபது கிலோமீட்டர், கட்டணம் ஐம்பத்தைந்து ரூபாய். 7.35க்கு இறங்கிவிட்டேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: பல பஸ்கள் ஊருக்குள் வராமல் நான்கு ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். பிஜயையும் அங்கேதான் இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு டீக்கடை ஓரமாகப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் பயணத்தில் முகம் கறுத்துப்போயிருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டோம். இட்லி சாப்பிடலாம் என்றேன், வேண்டாம் என்றார்.

கிரஷர் ஒன்பது கிலோமீட்டர். ஊர்ப் பெயரையும் முதலாளி பெயரையும் எழுதப் போவதில்லை, விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது. போய்வர ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். பிஜயைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் ஆரம்பித்தார்.

"ஆளு புடிச்சாந்தீங்களா சார்? இப்பல்லாம் இவனுங்கதான் எங்க பாத்தாலும். கம்மிக் கூலிக்கு வந்துட்டானுங்க, நம்ம ஆளுங்களுக்கு எங்க வேலை இருக்கு சொல்லுங்க."

"இவரு தம்பிக்கு அங்க அடிபட்டுடுச்சு. பாக்கப் போறோம்" என்றேன்.

கண்ணாடியில் பிஜயை மறுபடி பார்த்தார். பிறகு, "பெல்ட்டுல மாட்டுச்சா?" என்று கேட்டார்.

நான் எதில் அடிபட்டது என்றே சொல்லவில்லை. "என் மச்சான் ஒருத்தன் அங்க இருந்தான் சார், முன்ன. அவனுக்கும் அப்படித்தான். அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க யாரும் பெல்ட்டுகிட்ட போறதில்ல." சொல்லிவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார். அவர் முதலில் சொன்னதற்கும் இப்போது சொன்னதற்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

கிரஷருக்கு வெளியே மரம், வேலி, தகரம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வாசலில் இருந்த ஆள் எங்களை உள்ளே விடவில்லை. மானஸ் என்று பெயர் சொன்னதும், "அவனை ஊருக்கு அனுப்பிட்டோம்" என்றார். எந்த ரயில், எப்போது என்று கேட்டோம். "எத்தனையோ பேரு வாரானுங்க போறானுங்க. ஒவ்வொருத்தனையும் எழுதியா வச்சிருக்கோம்?"

நாங்கள் ஆட்டோவை நோக்கித் திரும்பியபோது தகரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்து, சிறுநீர் கழிக்கப் போகிறவர் மாதிரி எங்களைக் கடந்து நடந்தார். மானஸின் ஊர்க்காரர், அங்கே வேலை பார்க்கும் நான்கு ஒடிசாக்காரர்களில் ஒருவர். நடையை நிறுத்தாமல் ஒடியாவில் சொன்னார்: "அரியலூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம். வியாழக்கிழமை ரயில். நாங்க சொன்னதா சொல்லாதீங்க."

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர். டவுனுக்குள் இருக்கும் பஸ் நிலையத்தில் 11.15க்கு ஏறினோம். கட்டணம் முப்பது ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் அடிக்காது. வழியெல்லாம் சிமென்ட் லாரிகள். இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நாடு முழுவதும் வீடாகவும் பாலமாகவும் நிற்கிறது. பெருமையாக அதையும் ஒரு பதிவில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பிஜயிடம் சொல்ல வாய் வரவில்லை. 12.20க்கு அரியலூர்.

ஸ்டேஷன் பக்கம் ஒவ்வொரு லாட்ஜாகக் கேட்டோம். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். நான்காவதாக ஒரு இட்லிக் கடை. அதை நடத்தும் செல்விக்கு மீன்சுருட்டி பிறந்த ஊர், வயது நாற்பத்தைந்து இருக்கும். கையில் கட்டுப் போட்ட ஒரு ஆள், வடக்கத்தி, என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க யாருங்க அவருக்கு?"

பிஜயைக் காட்டி, "கூடப் பொறந்த அண்ணன்" என்றேன்.

"இப்பதான் வர்றீங்களா?" என்று பிஜயைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிஜய்க்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு நாளா கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நிக்கிறாருங்க. எறக்குனா வலிக்குது போல. மொத நாளு இட்லியப் பிச்சுத் திங்க வராம கீழ போட்டுட்டாரு. நான்தான் ஸ்பூன் குடுத்தேன். கொண்டாந்து விட்டவன் பேரும் சொல்லல, நம்பரும் குடுக்கல. ஒரு டிக்கெட்ட கையில குடுத்துட்டுப் போயிட்டான். மாத்திரை தீந்து ரெண்டு நாளாச்சு. இது என்னங்க நாயம்?"

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. மாடியில் தகரக் கதவு போட்ட அறை. மானஸ் சுவரில் சாய்ந்து, வலது கையைத் தலைக்கு மேல் ஆணியில் கட்டிய துண்டுக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. பிஜய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கையின் கட்டுத் துணியில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது, மேலே மஞ்சள் கசிந்திருந்தது. வாடை அறை முழுக்க இருந்தது.

அவன் சொன்னது இதுதான். வெள்ளிக்கிழமை மதியம் கன்வேயர் பெல்ட்டில் கல் சிக்கியது. ஓடும்போதே எடுக்கச் சொன்னார்கள். நிறுத்தினால் மறுபடி ஓட நேரமாகும் என்றார்கள். கையுறையோடு விரலையும் பெல்ட் இழுத்துக்கொண்டது. ஒரு தனியார் கிளினிக்கில் தையல் போட்டார்கள். பிறகு ஒரு காகிதத்தில் இடது கையால் கையெழுத்து வாங்கினார்கள். ரயில் டிக்கெட் எடுப்பதற்கான காகிதம் என்று சொன்னார்களாம். ஆதார் கார்டு இன்னும் அவர்களிடமே இருக்கிறது. இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மானஸ் மறுத்தான். "அங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க பாய். நான் பேசினா அவங்களைத் துரத்திடுவாங்க. வியாழக்கிழமை போயிடறேன்." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னான். பிஜய் அவனிடம் கெஞ்சவில்லை. துண்டை ஆணியிலிருந்து அவிழ்த்து, கையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, "எழுந்திரு" என்று மட்டும் சொன்னார்.

அரியலூர் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ எண்பது ரூபாய், 2.40க்குப் போய்ச் சேர்ந்தோம். பிஜய் ஒடிசாவின் காப்பீட்டு அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அது இங்கே செல்லுமா, செல்லாவிட்டால் என்ன கேட்பார்கள் என்று ஆட்டோவில் இரண்டு தடவை கேட்டார். அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர் அந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல உள்ள வாங்க" என்றார். நான் ஒன்பது மார்க் கொடுத்தது இதற்காகத்தான். இது பொய்யில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கட்டைப் பிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டார். மானஸின் சட்டைப் பையில் தனியார் கிளினிக்கின் சீட்டு இருந்தது. அதில் வீட்டுக் கதவில் நசுங்கியதாக எழுதியிருந்தது. மருத்துவர் அதைப் படித்துவிட்டுக் காயத்தை மறுபடி பார்த்தார். சின்ன இடுக்கியால் எதையோ எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பொடி.

"எந்த வூட்டுக் கதவுலங்க ஜல்லித் தூளு இருக்கு?"

நான் மானஸிடம் திரும்பினேன். மருத்துவர் கேட்டதை ஒடியாவில் சொன்னேன். இனி அவன் சொல்வதை அப்படியே அவர் எழுதுவார், அது போலீசுக்கும் போகும் என்பதையும் சொன்னேன். மறைத்து அவனைப் பேச வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் அண்ணனைப் பார்த்தான். பஞ்சில் இருந்த தூளைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "பெல்ட்" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விபத்துப் பதிவேட்டில் அவர் அதையே எழுதினார்.

தூளை உள்ளே வைத்தே தைத்ததால் சீழ் பிடித்திருந்தது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை. மோதிர விரலைக் காப்பாற்றிவிடலாம், சுண்டு விரல் முழுதாகப் போகும் என்றார்கள். வெள்ளிக்கிழமையே இங்கே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "வந்திருக்கணும்" என்றார் மருத்துவர்.

புதன்கிழமை காலை 9.30க்குக் கிரஷர் சூப்பர்வைசர் வார்டுக்கு வந்தார். அறையின் சொந்தக்காரர் சொல்லியிருக்க வேண்டும். சுத்தமான வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல், ஒரு டஜன் வாழைப்பழம். என்னைத் தமிழன் என்று கண்டதும் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"சார், நீங்க நம்ம ஆளு, உங்களுக்குச் சொல்றேன். இவங்க ஊர்ல என்ன இருக்கு? ரோடு இருக்கா, ஆஸ்பத்திரி இருக்கா? அங்க கெடைக்கிற கூலி என்னன்னு தெரியுமா? நம்ம தமிழ்நாடுங்கறதாலதான் இவ்வளவாச்சும் பாக்குறோம். வேற ஸ்டேட்டா இருந்தா ரோட்டுல தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பான். கம்பேர் பண்ணிப் பாருங்க சார்."

கம்பேர் பண்ணிப் பாருங்க. எத்தனை பதிவுகளில் இதே சொல்லை எழுதியிருக்கிறேன்! ரோடு, ஆஸ்பத்திரி, கூலி என்று என் அட்டவணையின் வரிசைகூட மாறாமல் அந்த ஆள் சொன்னார். யார் யாரோ பல காலம் போராடி இங்கே கட்டிய பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் காட்டி, ஓடும் பெல்ட்டில் ஒருவனுடைய கையை விட வைத்ததற்குக் கணக்கு நேர் செய்கிறார். அவன் பிறந்த ஊர் மோசம் என்பதால் அவன் விரலுக்கு விலை குறைந்துவிடுமா? பக்கத்து வீட்டை விட என் வீடு பரவாயில்லை என்பதால் என் வீட்டுக்கு வேலைக்கு வந்தவனின் கையை ஒடிக்கலாமா?

"அவனே எழுதிக் குடுத்திருக்கான் பாருங்க" என்று ஃபைலைத் திறந்தார். அந்தக் காகிதத்தை வாங்கி அதே இடத்தில் சத்தமாகப் படித்தேன். 'என் சொந்தக் கவனக்குறைவால் தங்கியிருந்த அறையின் கதவில் கை நசுங்கியது. இதற்கும் நிர்வாகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நஷ்டஈடு எதுவும் கோர மாட்டேன்.' கீழே குழந்தை கிறுக்கியது போல இடது கையால் எழுதிய ஒடியா எழுத்து. மேலே ஒரு பிழை இல்லாத, அழகான தமிழ். என் மொழியில் இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது. போனில் படம் எடுத்தேன். அவர் பிடுங்க வந்தார். அதற்குள் எடுத்தாகிவிட்டது.

சத்தம் கேட்டுப் பிஜய் வெளியே வந்திருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒடியாவில் சொன்னேன், கம்பேர் உட்பட. கேன்டீனில் போல அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

"இவர்கிட்ட சொல்லுங்க பாய். இந்த ஊர் நல்ல ஊர்னு நான் எப்பவோ ஒத்துக்கிட்டேன். நீங்க சொன்னதைத்தான் நான் வீட்ல போய்ச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் என் தம்பி இங்க வந்தான்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். முதல் வரியைச் சொல்ல முடிந்தது. மீதியைத் திக்கித் திக்கித்தான் சொன்னேன். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாழைப்பழத்தை வார்டில் இருந்த மற்றவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னான் மானஸ்.

அன்று மதியம் சிகிச்சை முடிந்தது. மருத்துவர் சொன்னதுதான் நடந்தது. மோதிர விரல் இருக்கிறது, மடங்காது. போலீசார் வந்து வாக்குமூலம் வாங்கினார்கள், நான் மொழிபெயர்த்தேன். வாக்குமூலம் கொடுத்த இரண்டாம் நாளே ஆதார் கார்டு வந்து சேர்ந்தது, கிரஷரிலிருந்து வந்த ஒருவர் வைத்துவிட்டுப் போனார். அந்த நான்கு பேரைப் பற்றி மானஸ் பயந்தது பாதி நடந்தது. இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். மற்ற இருவர் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். பெல்ட் பக்கத்தில் இப்போது வேறு மாநிலத்து ஆட்கள் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இதே போல யாரையாவது தேடிப் போக நேர்ந்தால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எந்த மாநிலத்து அட்டை என்று யோசித்துத் தயங்காதீர்கள். எப்படி அடிபட்டது என்பதை அடிபட்டவர் வாயாலேயே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அவருடைய மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், கிடைக்காவிட்டால் போனிலாவது பேச வையுங்கள். படிக்க முடியாத மொழியில் இருக்கும் எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். இழப்பீட்டு மனுவைத் திருச்சியில் தொழிலாளர் துறையில் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள், போட்டிருக்கிறோம். அரியலூரில் தங்க, இரண்டு பேர் படுக்கும் அறை தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. சாப்பாட்டுக்குச் செல்வியின் கடை. பிஜயிடம் இரண்டு நாளும் காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்தித்தான் கொடுத்தோம். காரை, கங்கைகொண்ட சோழபுரம் இரண்டையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும்.

மாநிலங்களுக்கு இனி மார்க் போட மாட்டேன். எங்கே எது நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நிறுத்தப் போவதில்லை, அது தெரிய வேண்டிய விஷயம். ஆனால் ஒரு மாநிலம் எப்படி என்பதை அங்கே பிறந்தவன் நடத்தப்படும் விதத்தை மட்டும் வைத்து எழுதிவிட்டேன். அங்கே வந்து சேர்ந்தவனைக் கேட்டதே இல்லை. கமென்ட்டில் வந்து "ஒடிசாவில் மட்டும் என்ன வாழுது" என்று எழுதத் துடிப்பவர்களுக்கு: ஒன்றும் வாழவில்லை. பிஜய் அதை உங்களைவிட நன்றாகச் சொல்வார். அதற்கும் இந்தப் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் எழுதுங்கள்.

மனுவில் உள்ளூர் முகவரி என்று ஒரு இடம் இருந்தது. மானஸுக்கு இங்கே ஏது முகவரி? என் வீட்டு முகவரியை எழுதினேன். போன வாரம் விசாரணைக்கான அறிவிப்பு பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் தெருவுக்குப் பல வருடமாக வருகிறவர், ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று அவருக்குத் தெரியும்.

"மானஸ்னு போட்டிருக்கு. ஆளு யாரு சார், நம்ம தெருவுல கேள்விப்பட்டதில்லையே?"

"எங்க வீட்டு ஆளுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.